ஆறு பேர், பதினைந்து நடை, பதினாலு லட்சம்

கேள்வி: ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் பொள்ளாச்சியில் பள்ளி ஆசிரியை. போக 18, வர 18 கிலோமீட்டர் தினமும் நானே கார் ஓட்டிப் போகிறேன். வீட்டில் நான், கணவர், 13 வயதுப் பையன், 8 வயதுப் பெண், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். மாமியாருக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாதம் ஒரு தடவை கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. இப்போதுள்ள சின்னக் கார் 11 வருடம் ஓடிவிட்டது, தோப்புத் தடத்தில் அடி தட்டுகிறது. எல்லாம் சேர்த்து 14 லட்சம் வரை போடலாம். "பிக்கப் வாங்கினால் தேங்காய், உரம் எல்லாம் அதிலேயே போகும், வருடத்துக்குப் பதினைந்து நடை வாடகைக் குட்டி யானை வண்டிக்கு 1,200, 1,200 என்று கொடுக்க வேண்டாம்" என்கிறார் கணவர். பையனுக்கு சன்ரூஃப் வைத்த எஸ்யூவி வேண்டும். ஓட்டுவதற்கு எளிதான கார் இருந்தால் எனக்குப் போதும். இடம், வசதி, கொடுத்த காசுக்கு மதிப்பு மூன்றும் எதில் கிடைக்கும்?
ஒரு வாசகி, ஆனைமலை வட்டாரம்

பதில்: வணக்கம் டீச்சர். கடிதத்தில் மூன்று பேருடைய ஆசையை எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் என் மனதில் நின்றது, எதுவும் கேட்காத உங்கள் மாமியாரின் முழங்கால்தான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பத்து வருடம் பணிமனையில் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு வாகனக் காப்பீட்டு சர்வேயராக இருக்கிறேன். ஆனாலும் வண்டியின் உயரத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அம்மாதான். என் தம்பி நல்ல உயரமான ஒரு எஸ்யூவி வாங்கினான். அம்மா வலது காலைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார், மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார், அத்தோடு நின்றுவிடுவார். இடது கால் தரையை விட்டு எழும்பாது. பின்னாலிருந்து யாராவது தாங்க வேண்டும். மர மணை ஒன்றை வண்டியிலேயே போட்டுவைத்தோம். இரண்டு மாதம் அப்படி ஓடியது. அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்குக் காரணம் வண்டியின் உயரம் என்று எங்களுக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

தாழ்ந்த செடான் காரில் சிரமம் வேறு மாதிரி. உட்காரும்போது தெரியாது, எழும்போது முழங்கால் உயிர் போகும். நீங்கள் தேட வேண்டியது இரண்டுக்கும் நடுவில். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, குனியாமலும் ஏறாமலும் அப்படியே சாய்ந்து உட்கார முடிய வேண்டும். அதன் பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். கதவடி விளிம்பு அகலமாக இருந்தால் இதுவும் நடக்காது, கால் அதைத் தாண்டி வர வேண்டியிருக்கும். எந்த விளம்பரத்தாளிலும் இந்த அளவு இருக்காது. மாமியாரை ஷோரூமுக்கே அழைத்துப் போங்கள். அவர் வழக்கமாகப் போடும் செருப்போடு, கட்டும் சேலையோடு, மூன்று தடவை ஏறி இறங்கட்டும். மூன்றாவது தடவை அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பள்ளி நாட்கள் 220 என்று வைத்தால், தினம் 36 கிலோமீட்டர் வீதம் 7,920. கோவைக்கு மாதம் ஒரு தடவை போய்வருவது, கல்யாணம், கோயில், வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வால்பாறை எல்லாம் சேர்த்தாலும் 10,500-ஐத் தாண்டாது. அதாவது வண்டி ஓடும் தூரத்தில் நாலில் மூன்று பங்கு நீங்கள் ஒருவர்தான் உள்ளே இருக்கிறீர்கள். பொள்ளாச்சி நெரிசலில் வளைக்கப்போவதும், பள்ளி வாசலில் ரிவர்ஸ் எடுக்கப்போவதும் நீங்கள்தான். "எனக்கு எளிதான கார் போதும்" என்று கடைசியாக ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். என் கணக்கில் அந்த வரிக்குத்தான் எடை அதிகம்.

இந்த ஓட்டத்துக்கு டீசல் தேவையில்லை. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் 100 ரூபாய் என்றால் வருடச் செலவு 70,000. டீசல் 18 கொடுத்து, லிட்டர் 92 ரூபாய் என்றால் சுமார் 54,000. மிச்சம் வருடத்துக்கு 16,000. ஒரே வண்டியில் டீசல் எஞ்சினுக்கு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்பார்கள். அதை எடுக்கவே ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிடும்.

இனி பிக்கப். உங்கள் வீட்டுக்காரரின் நினைப்பில் நியாயம் இருக்கிறது, தோப்பு வைத்திருக்கும் யாருக்கும் அது தோன்றும். ஆனால் நாலு கதவு பிக்கப்பில் இரண்டு சாதி உண்டு, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று பொலேரோ கேம்பர் மாதிரி சரக்கு வண்டி. மஞ்சள் போர்டு. புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, அப்புறம் வருடா வருடம். டிரைவரோடு ஐந்து பேருக்குத்தான் சீட். ஆறாவது ஆள் பின்னால் தொட்டியில் ஏறினால் காப்பீட்டில் அவருக்கு இடமே இல்லை. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் சார்பில் வருபவரோ போனால்தான் மூன்றாம் நபர் காப்பீடு அவரைக் கணக்கில் எடுக்கும். விருந்துக்குப் போகும் மாமனாரும் பேத்தியும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இன்னொன்று இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வெள்ளை போர்டு பிக்கப். புதிதாக வாங்க உங்கள் 14 லட்சம் போதாது. பழையது கிடைக்கும். ஆனால் இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தனியார் கார் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பத்தி உண்டு. வாடகைக்கு ஓட்டக் கூடாது, பந்தயத்துக்கு ஓட்டக் கூடாது என்பதோடு, மாதிரிச் சரக்கும் சொந்தப் பயணச் சாமான்களும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்றும் அதில் இருக்கும். உங்களிடம் இப்போதுள்ள பாலிசியை எடுத்துப் பாருங்கள், அதிலும் இருக்கும். வீட்டுக்கு நாலு தேங்காய் எடுத்துப் போவதை யாரும் கேட்கப்போவதில்லை. மண்டிக்கு மூட்டை ஏற்றிப் போகும்போது வண்டி கவிழ்ந்தால் கேள்வி வரும். சாலையோரம் உடைந்து கிடக்கும் மூட்டைகளைப் படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பது என் வேலை. அந்தப் படம் போனபிறகு இழப்பீடு முழுதாக வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆக, எந்தக் காரணத்துக்காக அவர் பிக்கப் கேட்கிறாரோ, அந்தக் காரணத்துக்கே வெள்ளை போர்டு பிக்கப் பாதுகாப்புத் தராது.

அதோடு வி-கிராஸ் 5.3 மீட்டர் நீளம். திரும்ப 6.3 மீட்டர் ஆரம் வேண்டும், பின்னால் நான் சொல்லப்போகும் மாருதி எர்டிகா காருக்கு 5.2 போதும். பின்னால் பட்டைப் பட்டையாக லீஃப் ஸ்பிரிங். பாரம் இருந்தால் பதவிசாகப் போகும், காலியாக ஓடினால் தூக்கிப் போடும். நீங்கள் ஓட்டப்போகிற நாட்களில் அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பின்சீட்டின் சாய்மானமும் செங்குத்தாக இருக்கும், கோவை போய்ச் சேர்வதற்குள் மாமியாருக்கு இடுப்பும் வலிக்கும்.

பதினைந்து நடை, 1,200 வீதம் வருடத்துக்கு 18,000 ரூபாய். மாதம் 1,500. அந்தக் காசுக்கு டிரைவர் வருகிறார், டயர் தேய்வது அவருடையது, எஃப்.சி. அவர் தலைவலி. சரக்குக்குச் சரக்கு வண்டி, மனிதருக்கு மனிதர் வண்டி என்று பிரித்துவிடுங்கள். நாளைக்குத் தோப்பு பெருகி மாதம் ஏழெட்டு நடை ஆகிறது என்றால், அப்போது பழைய குட்டி யானை ஒன்றைத் தனியாக வாங்கிப் போடச் சொல்லுங்கள், நானே வந்து பார்த்துச் சொல்கிறேன்.

பையன் கேட்கும் எஸ்யூவி பற்றி. உங்கள் பட்ஜெட்டில் எஸ்யூவி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் காரின் கட்டமைப்பில் உயரம் கூட்டியவை. முன்சக்கரம் இழுக்கும், நான்கு சக்கர இழுவை இருக்காது. டாடா நெக்ஸான் போன்றவற்றின் நீளம் 3,995 மில்லிமீட்டர் என்று நிற்பதற்குக் காரணம் வரி. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் எஞ்சினும் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்த வரம்பைத் தாண்டினால் 40. அதனால் சின்ன எஸ்யூவி விலையில் கவர்ச்சியாகத் தெரியும், நல்ல வண்டிகளும்கூட. 2018-ல் குளோபல் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய கார் நெக்ஸான்தான். நாலு பேர் குடும்பம் எழுதியிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீங்கள் ஆறு பேர். ஐந்து சீட் வண்டியில் ஆறாவது ஆள் யாருடைய மடியில்? எட்டு வயதுப் பெண்தான், வேறு யார்? மடியில் இருக்கும் குழந்தையை மோதலில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 25 கிலோ குழந்தை பல நூறு கிலோ விசையோடு முன்னால் போகும். சில ஏழு சீட் வண்டிகளில் கடைசி வரிசை பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும், பொலேரோவிலும் பொலேரோ நியோவிலும் பார்த்திருப்பீர்கள். உறுதியான வண்டிகள்தான், கிராமத் தடத்துக்குப் பேர் போனவை. ஆனால் அந்தப் பக்கவாட்டுச் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நம்முடைய இருக்கை வார் முன்னோக்கி வரும் மோதலில் உடம்பைத் தாங்கும்படி அமைந்தது. பக்கம் பார்த்து உட்கார்ந்தவரை அது பிடிக்காது. மலைப்பாதையில் மெதுவாகப் போய் மதகில் இடித்த ஒரு வண்டியைப் பார்த்தேன். முன்சீட்டில் இருந்த அப்பாவும் அம்மாவும் நடந்து இறங்கினார்கள், பின்னால் இருந்த பையனுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது.

அதனால் என் முடிவு, ஆறு பேருக்கும் முன்நோக்கிய சீட்டும் ஆளுக்கு ஒரு வாரும் உள்ள மூன்று வரிசைக் கார். மாருதி எர்டிகாவை முதலில் பாருங்கள். டொயோட்டா ரூமியன் என்ற பேரில் விற்பதும் அதே வண்டிதான், எது சீக்கிரம் கிடைக்கிறதோ அது. 1,462 சிசி பெட்ரோல், கையால் கியர் போடுவது. நீளம் 4.4 மீட்டர் அளவு, ஓட்டுவதற்குச் சின்ன காரின் சுபாவம். நடுவரிசைச் சீட்டின் உயரம் முழங்கால் வலிக்காரர்களுக்குத் தோதானது. கியா கேரன்ஸையும் ஓட்டிப் பாருங்கள், அகலமும் கடைசி வரிசை இடமும் அதில் தாராளம், விலையும் கொஞ்சம் கூட வரும். ரெனோ டிரைபர் மலிவு, 4 மீட்டருக்குள் ஏழு சீட்டைக் கொண்டுவந்ததே கெட்டிக்காரத்தனம். ஆனால் 999 சிசி எஞ்சின், 72 குதிரைத்திறன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆறு பேரையும் பைகளையும் வைத்து ஏறினால் இரண்டாவது கியரிலேயே மூச்சு வாங்கும்.

மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். மோதல் சோதனையில் இந்த வகை வண்டிகள் முதல் வரிசையில் இல்லை. எர்டிகாவுக்கு 2019-லும், கேரன்ஸுக்கு 2022-லும் குளோபல் என்கேப் கொடுத்தது மூன்று நட்சத்திரம். 2024-ல் கடுமையாக்கிய விதிப்படி சோதித்தபோது, ஆப்பிரிக்காவுக்குப் போகும் எர்டிகாவுக்கு ஒன்றுதான் கிடைத்தது. அதற்குப் பிறகு ஏர்பேக் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் ஏர்பேக் வேறு, உடற்கூட்டின் உறுதி வேறு. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. நீங்கள் வாங்கும் மாடலின் கடைசி முடிவு என்ன என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து நட்சத்திர வண்டியில் ஆறு பேர் நெருக்கி உட்காருவதையும், நட்சத்திரம் குறைந்த வண்டியில் ஆறு பேரும் வார் போட்டு உட்காருவதையும் எடைபோட்டுத்தான் இரண்டாவதைச் சொல்கிறேன். வார் போடாவிட்டால் நான் சொன்னதற்கு அர்த்தமே இல்லை. கடைசி வரிசையிலும்தான்.

இடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவின் பின்பக்கம் 209 லிட்டர்தான். இரண்டு தோள்பை, ஒரு தண்ணீர் கேன், மாமியாரின் மடக்கு நாற்காலி, அவ்வளவு. கடைசி வரிசையை மடித்தால் 550. தினமும் மடித்தே வைத்திருங்கள், பள்ளிப் பரீட்சைத்தாள் கட்டெல்லாம் தாராளமாகப் போகும். பிள்ளைகள் ஏறும்போது மட்டும் நிமிர்த்துங்கள். பையன் வளர்கிறான், மூன்று வருடத்தில் அங்கே அவன் முழங்கால் இடிக்கும். அப்போது அவன் முன்சீட்டுக்கு வருவான், மாமனார் நடுவரிசைக்குப் போவார். சிஎன்ஜி மாடல் வேண்டாம். சிலிண்டர் அந்தப் பின்பக்க இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஏற்றத்தில் இழுவையும் குறையும்.

தோப்புத் தடத்தில் அடி தட்டுவதற்கு எஸ்யூவி வாங்க வேண்டியதில்லை. ஒரு நீளக் குச்சியையும் டேப்பையும் எடுத்துப் போங்கள். டிராக்டர் போய்ப்போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் திண்டு, அப்படித்தானே? நடுத்திண்டின் மேல் குச்சியைப் படுக்கையாக நீட்டி, அங்கிருந்து பள்ளத்தின் அடி வரை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 15 சென்டிமீட்டரைத் தாண்டினால் எந்த வண்டியும் ஒருநாள் தட்டும். நெக்ஸானின் 208 மில்லிமீட்டர் என்பதெல்லாம் காலி வண்டியின் கணக்கு. ஆறு பேர் ஏறினால் 300 கிலோவுக்கு மேல் ஆகிறது, பின்பக்கம் எவ்வளவு இறங்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள். நடுத்திண்டை மண்வெட்டியால் சீவிவிட்டு, இரண்டு டிராக்டர் லோடு கிராவல் கொட்டிப் பள்ளத்தை நிரவுங்கள். வண்டிக்குப் போடும் லட்சங்களோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமேயில்லை.

வசதிகளில் கேட்டு வாங்க வேண்டியவை: ஆறு ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் நிறுத்தும் ஹில் ஹோல்ட், பின்வரிசைக்கு ஏசி காற்று, ரிவர்ஸ் கேமரா. இவை இருக்கும் வேரியன்டோடு நின்றுகொள்ளுங்கள். பெரிய அலாய் சக்கரத்துக்காக மேலே போக வேண்டாம். டயர் விலை கூடும், குழியில் விளிம்பு வளையும். சன்ரூஃப் பையனுக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரிகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் அது வெறும் சூடு. பிள்ளைகள் அதில் தலையை நீட்டி நிற்பதை நெடுஞ்சாலையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வண்டி ஓட்டிப் பார்க்கும் நாளில் கியர், பிரேக், பின் ஏசி எல்லாவற்றையும் சோதித்துக் குறித்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள்.

வேரியன்ட் முடிவு செய்யும்போது தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியைப் பாருங்கள். 2023 நவம்பரில் திருத்திய கணக்குப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-லிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம். வண்டி விலை 9,90,000 என்றால் வரி 1,28,700. அதுவே 10,10,000 என்றால் 1,81,800. இருபதாயிரம் கூடுதல் விலைக்கு ஐம்பத்து மூன்றாயிரம் கூடுதல் வரி. அதனால் 10 லட்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் வேரியன்டில் மேலே சொன்ன ஐந்தும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதோடு முடித்துவிட்டு மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தயங்காமல் மேலே போங்கள். 11 லட்ச வண்டிக்கு வரி 1,98,000, காப்பீடும் சேர்த்து 14-க்குள் அடங்கும். காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள்.

ஷோரூமுக்குச் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், ஆறு பேருமாக. விற்பனையாள் ஓட்டிக் காட்டுகிறேன் என்பார். சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மாமியார் நடுவரிசை, பிள்ளைகள் கடைசி வரிசை, எல்லோரும் வார் போட்டபிறகு, பக்கத்தில் ஏதாவது ஒரு பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு இடது பக்கச் சீட்டில் உட்காரட்டும்.